கும்பகோணம் பழைய ஊருக்குள் ஒரு போர்ஷன்: 6,500 ரூபாய் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் எல்லோருக்கும் ஒத்து வராது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வயதான அப்பா அம்மாவோடு இருக்கிறீர்கள், கார் இல்லை, கோவில், கடைத்தெரு, டாக்டர் எல்லாம் நடக்கிற தூரத்தில் இருந்தால் போதும் என்றால் தாராளமாக வரலாம். கைக்குழந்தை இருக்கிறது, வாசலில் கார் நிற்க வேண்டும், வீட்டிலிருந்தே மீட்டிங் பேச வேண்டும் என்பவர்கள் பைபாஸ் பக்கம் புதிதாகக் கட்டியிருக்கிற வீடுகளைப் பாருங்கள். வாடகை கூடத்தான் ஆகும், ஆனால் நிம்மதி.

நான் சொல்வது சாரங்கபாணி கோவிலுக்கும் கும்பேஸ்வரர் கோவிலுக்கும் நடுவே இருக்கிற தெருக்களில் ஒன்றைப் பற்றி. தெருப் பெயர், ஓனர் பெயர் எல்லாம் கேட்காதீர்கள், நானும் அம்மாவும் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறோம். இந்த வட்டாரத்தில் எந்தத் தெருவில் போர்ஷன் பார்த்தாலும் ஏறக்குறைய இதே கதைதான்.

முதலில் புரோக்கர். ஆபீஸ், போர்டு எதுவும் கிடையாது, டீக்கடை பெஞ்சுதான். ஒரு மாத வாடகை கமிஷன், வீடு காட்ட அழைத்துப் போனால் பெட்ரோலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். "தம்பி, ஊருக்கு நடு சென்டர், இதுக்கு மேல என்ன வேணும்" என்பதுதான் அவருடைய ஒரே விளம்பரம், அது பொய்யும் இல்லை. கேட்டால் குறையைச் சொல்வார், கேட்காவிட்டால் சொல்ல மாட்டார். எத்தனை பேருக்கு ஒரு பாத்ரூம் என்று கேட்டேன், சரியாகச் சொன்னார். கொல்லைப்புறக் கதவு திறக்குமா என்று கேட்கத் தோன்றவில்லை, அவரும் வாயைத் திறக்கவில்லை. அந்தக் கதவைப் பற்றித் தனியாக வருகிறேன்.

அட்வான்ஸ் ஒரு லட்சம் கேட்டார்கள். இங்கே ஒரு விஷயம் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் பழைய 1960-ம் வருட வாடகைச் சட்டம் போய், 2017-ல் புதிய சட்டம் போட்டு, 2019 பிப்ரவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. அதன்படி எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயம், இரண்டு பேரும் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாத வரைக்கும் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. இதை ஓனரிடம் பக்குவமாகச் சொன்னேன். "நம்ம ஊருக்குள்ள எழுத்து எதுக்குப்பா, நீ யாரு நான் யாரு" என்றார். அந்த "நீ யாரு நான் யாரு"வில் மயங்கிவிடாதீர்கள். பேசிப் பேசி 40,000-க்கு இறங்கினார், பதினோரு மாத அக்ரிமென்ட்டும் எழுதினோம். லீசுக்கு வேண்டுமானால் ஐந்து லட்சம் கொடுத்துவிட்டு வாடகையே இல்லாமல் இருக்கலாம் என்றும் சொன்னார். அதற்கு நான் போகவில்லை. இந்த ஊரில் பல பேர் அப்படித்தான் இருக்கிறார்கள், ஆனால் காலி செய்யும்போது ஐந்து லட்சத்தை ஓனர் ஒரே தடவையில் எடுத்து வைப்பதை நான் பார்த்ததில்லை, அடுத்த ஆள் வரட்டும் என்றுதான் பதில் வரும்.

இப்போது வீடு. ஒரு காலத்தில் ஒரே குடும்பம் இருந்த வீடு. திண்ணை, ரேழி (வாசலிலிருந்து உள்ளே போகிற நடை), கூடம், முற்றம், அடுக்களை, கிணற்றடி, கொல்லை என்று இந்தத் தெருவிலிருந்து அடுத்த தெரு வரைக்கும் நீண்டு கிடக்கும். அகலம் என்னவோ வாசல் கதவும் ஒரு ஜன்னலும் வைக்கிற அளவுதான். இரண்டு பக்கமும் பொதுச்சுவர், அதனால் பக்கவாட்டில் ஜன்னல் என்கிற பேச்சே இல்லை. காற்றும் வெளிச்சமும் வருகிற ஒரே வழி முற்றம். அந்த முற்றத்துக்கு மேலே ஓனர் தகர ஷீட் போட்டுவிட்டார். மழை உள்ளே அடிக்காது என்பது அவர் நியாயம். சித்திரை வெயிலில் அந்தத் தகரத்துக்குக் கீழே மத்தியானம் இரண்டு மணிக்கு நின்று பார்த்தால் அந்த நியாயத்தின் அருமை புரியும்.

அந்த ஒரே வீட்டில் இப்போது ஐந்து குடித்தனம், இரண்டு கடை. திண்ணையை அடைத்து ஜெராக்ஸ் கடை. ரேழியை ஒட்டிய அறையில் பென்ஷன் வாங்குகிற தாத்தா ஒருவர், தனியாக. கூடமும் ஒரு அறையும் நாங்கள். எங்களுக்குப் பின்னால் அடுக்களையாக இருந்த இடத்தில் ஒரு பாட்டியும் பேத்தியும். மாடி முன்பக்கம் பட்டுக்கடையில் வேலை பார்க்கிறவர் குடும்பம், மாடி பின்பக்கம் ஓட்டலில் வேலை பார்க்கிற பீகார் பையன்கள். கொல்லை முழுக்க ஒரு பாத்திரக்கடைக்குக் குடோன். அந்தக் காலத்து ஒண்டுக்குடித்தனம்தான், இப்போது போர்ஷன் என்று பெயர்.

ஊர் நெரிசல் நெரிசல் என்கிறார்களே, அது எவ்வளவு என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். 2011 கணக்கெடுப்பில் கும்பகோணம் நகராட்சியில் 1,40,156 பேர். அப்போது நகராட்சியின் பரப்பு 12.58 சதுர கிலோமீட்டர். வகுத்தால் சதுர கிலோமீட்டருக்கு 11,000-க்கும் மேலே. தஞ்சாவூர் மாவட்டம் முழுவதற்கும் எடுத்தால் 700 பேர் அளவுதான் வரும், மாநிலத்துக்கு 555. சென்னையின் பழைய எல்லைக்குள் 26,000-க்கு மேல், அதோடு போட்டி போட முடியாதுதான். ஆனால் சென்னையில் மாடி மேல் மாடி இருக்கிறது. இங்கே பெரும்பாலும் தரையும் ஒரு மாடியும், நடுவில் கோவில்கள், குளங்கள், மடங்கள். அந்த இடத்தையெல்லாம் கழித்துவிட்டு மிச்சம் இருக்கிற மண்ணில் குடியிருக்கிறவர்களை நிறுத்திப் பாருங்கள், அப்போது புரியும் எங்கள் கிணற்றடியில் காலையில் ஏன் கியூ நிற்கிறது என்று.

இதைவிட எனக்கு ஆச்சரியமாக இருந்தது வேறு. 1901-ல் இந்த ஊரில் 59,623 பேர். அப்புறம் ஏறிக்கொண்டே வந்து, 1991-ல் ஏறக்குறைய 1.40 லட்சம். 2001-லும் அதே 1.40 லட்சம். 2011-லும் அதேதான். இருபது வருடம் ஊர் அப்படியே நிற்கிறது, ஆனால் நெரிசல் குறைந்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள். என் வீட்டை வைத்துப் பார்த்தால் காரணம் ஓரளவு புரிகிறது. ஓனருடைய பிள்ளைகள் ஒருவர் சென்னை, ஒருவர் சிங்கப்பூர். ஓனரே பைபாஸ் பக்கம் மனை வாங்கி வீடு கட்டிப் போய்விட்டார். வசதி வந்தவர்கள் தாராசுரம், செட்டிமண்டபம், மேலக்காவேரி என்று வெளியே நகர, அவர்கள் விட்ட இடத்தில் கடையும் குடோனும் போர்ஷனும் வந்தாயிற்று. ராத்திரி படுக்கிற தலை கூடவில்லை, பகலில் வந்து போகிற தலையும் வண்டியும்தான் கூடியிருக்கிறது. 2021-ல் மாநகராட்சி ஆக்கியபோது தாராசுரத்தையும் சேர்த்துக்கொண்டு 48 வார்டு ஆகிவிட்டது, அதனால் இனிமேல் ஊர் மொத்தத்துக்கும் அடர்த்தி பார்த்தால் எண் சட்டென்று குறைந்து தெரியும். எங்கள் தெருவில் எதுவும் மாறியிருக்காது.

அதே கணக்கில் ஆயிரம் ஆணுக்கு 1,021 பெண்கள். மாநிலத்துக்கு 996. ஆறு வயது வரைக்கும் இருக்கிற குழந்தைகள் நூற்றுக்கு ஒன்பது பேர்தான், மாநிலத்தில் பத்துக்கு மேல். எங்கள் தெருவில் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். பாட்டிகள்தான் அதிகம். மகன் சென்னையிலோ திருப்பூரிலோ துபாயிலோ இருப்பான், மருமகள் பிள்ளைகளோடு அங்கே, இங்கே பாட்டியும் டிவியும். பின் போர்ஷன் பாட்டி எங்கள் அம்மாவிடம் முதல் நாளே சொன்னார், "ஏம்மா, ராத்திரி எனக்கு ஏதாவதுன்னா சுவத்தத் தட்டுவேன், முழிச்சுக்க." கட்டாயம் முழித்துக்கொள்ளலாம், அவர் குக்கர் விசில் எத்தனை என்று எங்களால் எண்ண முடியும். வயதானவர்களுக்கு இந்த வீட்டை நான் சிபாரிசு செய்வதற்கு முதல் காரணம் அந்தச் சுவர்தான். புதிய நகர்களில் தனி வீட்டில் விழுந்து கிடந்தால் பால்காரர் வந்துதான் பார்க்க வேண்டும்.

கணக்கில் இருக்கிற 36,000-த்துச் சொச்சம் குடும்பத்தால் 1.40 லட்சத்தை வகுத்தால் வீட்டுக்கு நாலு பேர்கூட இல்லை. ஆனால் சராசரி என்றால் அப்படித்தான், தாத்தா அறையில் ஒரு ஆள், மேலே பீகார் பையன்கள் அறையில் ஷிப்ட்டைப் பொறுத்து ஏழோ எட்டோ. கணக்கெடுப்பில் ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்களைத்தான் ஒரு குடும்பம் என்று எழுதுவார்கள். இந்தப் பையன்களுக்கு ஓட்டலில் சாப்பாடு, மேலே ஒரு ஒற்றை அடுப்பு, அதில் டீ போடுவதோடு சரி. 2011-க்கு அப்புறம் 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு நின்று போய், 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்து இப்போதுதான் வருகிறது. அதில் இவர்களை எப்படி எழுதுவார்களோ. ஓனர் கணக்கில் தெளிவாக இருக்கிறார்: எங்களுக்குப் போர்ஷனுக்கு வாடகை, அவர்களுக்குத் தலைக்கு வாடகை. மொத்தத்தில் அந்த ஒரு அறைக்கு நாங்கள் கொடுப்பதைவிட இரண்டு மடங்கு வருகிறது, ஒரு மின்விசிறிக்குக் கீழே.

தண்ணீருக்கு மட்டும் குறை சொல்ல மாட்டேன். காலையில் குழாயில் குடிதண்ணீர், மற்றதுக்கு போர்வெல். இதற்கு மேல் ஒரு கிணறு இருக்கிறது, அதை மூடாமல் விட்டதற்கு ஓனருக்கு ஒரு ஸ்டார் கூடுதலாகக் கொடுக்கலாம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, கல்லணை தாண்டி, வடக்கே காவேரியிலும் தெற்கே அரசலாற்றிலும் தண்ணீர் ஓட ஆரம்பித்தால் கிணறு கிடுகிடுவென்று ஏறும், கயிற்றைப் பாதிக்கு மேல் விட வேண்டியதே இல்லை. அதே சமயம் சுவரில் ஓதமும் ஏறும். பழைய செங்கல், சுண்ணாம்பு, அதற்கு மேல் ஓனர் அடித்த டிஸ்டம்பர் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு உப்புப் பூத்து உதிரும். பீரோவைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், அம்மாவின் புடவைகள் இரண்டுக்கு மஞ்சள் கறை பிடித்துவிட்டது.

கரண்ட் விஷயத்தில் ஜாக்கிரதை. வீட்டுக்கு ஒரே கனெக்‌ஷன், நமக்கு சப்மீட்டர். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது கனெக்‌ஷனுக்குத்தானே தவிர குடித்தனத்துக்கு இல்லை. எல்லோர் யூனிட்டும் ஒன்றாகச் சேர்ந்து மேல் ஸ்லாபுக்குப் போக, ஓனர் யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் என்று ஒரே விலையாக வாங்குகிறார். தனி மீட்டர் இருக்கிற போர்ஷன் கிடைத்தால் வாடகை 500 கூடுதலாக இருந்தாலும் அதையே எடுங்கள்.

கொசு. இதை எழுதாமல் கும்பகோணம் வீட்டைப் பற்றி எழுதி என்ன பயன். ஒரு காலத்தில் யானைக்கால் நோய்க்குப் பேர்போன ஊர் இது, திறந்த சாக்கடையும் அதில் வளர்கிற கொசுவும்தான் காரணம். பாதாளச் சாக்கடை வந்த பிறகு எவ்வளவோ தேவலை என்று பாட்டி சொல்கிறார். எனக்குத் தெரிந்தது இன்றைய நிலவரம்தான்: சாயங்காலம் ஆறு மணிக்கு முற்றத்துக் கதவைச் சாத்திவிட வேண்டும், வலை இல்லாமல் தூங்க முடியாது. ஐப்பசி அடைமழையில் தெரு மேன்ஹோல் பொங்கினால் ரேழியில் பெருச்சாளி ஓடும். பூனை வளர்த்துப் பார்த்தோம், பூனை பெருச்சாளியைப் பார்த்துவிட்டு மாடிக்குக் குடிபோய்விட்டது.

வண்டி நிறுத்த இடம் கிடையாது. டூவீலரை ரேழியில் ஏற்றிவிடலாம், சாய்வுப் பலகை இருக்கிறது, ஆனால் ஏழு வண்டி ஆன பிறகு தாத்தா பக்கவாட்டில் திரும்பித்தான் வெளியே வர வேண்டியிருக்கிறது. முகூர்த்த நாளில் கடைத்தெருப் பக்கம் ஆட்டோகூட நகராது. இந்த ஊருக்கு 2022-ல் வந்த முதல் மேயர் சரவணன் ஆட்டோ ஓட்டியவர், எங்கள் சந்துகளின் கஷ்டம் தெரிந்த ஆள் என்று அப்போது எல்லோரும் பேசினார்கள். சந்து அகலம் ஆக வேண்டும் என்றால் யாருடைய திண்ணையையாவது இடிக்க வேண்டும், மேயர் என்ன செய்ய முடியும்.

சரி, அந்தக் கதவு. அடுத்த தெருப் பக்கம் திறக்கிற கொல்லைக் கதவு. இந்த மாதிரி நீளமான வீடுகளில் வாசலும் கொல்லையும் இரண்டு வழி, கட்டினவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். ஓனர் கொல்லையைப் பாத்திரக்கடைக்கு விட்டபோது நடுவில் கிரில் போட்டு, கடைக்காரர் உள்பக்கம் பூட்டுப் போட்டுவிட்டார். ஆக, வீட்டில் இருக்கிற பதினாறு பதினேழு பேருக்கும் வெளியேற ஒரே வழி ரேழி. அந்த ரேழியில்தான் ஏழு வண்டி, ஏழிலும் பெட்ரோல். மாடிப்படிக்குக் கீழே சிலிண்டர்கள். மேலே ஏறும்போது ஒருவர் இறங்கினால் இன்னொருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய மாடிப்படி. இதே ஊரில் 2004 ஜூலை 16-ம் தேதி பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். கீற்றுக் கொட்டகை, குறுகலான கட்டடம், வெளியே வர வழி இல்லை. அதற்கப்புறம் பள்ளிக்கூடங்களுக்கு விதியெல்லாம் வந்தது, கீற்றுக் கூரைகள் போயின. குடியிருக்கிற வீட்டுக்குள் வந்து யாரும் கதவைத் திறந்து பார்ப்பதில்லை. நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓனரிடம் சொன்னேன். கடைக்காரரைக் கேளுங்கள் என்றார். கடைக்காரரைக் கேட்டால், "சாவி கொடுத்தா சாமான் போயிடும் அண்ணே, யாரு பொறுப்பு?" அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, உள்ளே அடுக்கி வைத்திருப்பது பித்தளை. கடைசியில் மாடிக்காரரும் நானும் சேர்ந்து போய்ப் பேசி, கிரில்லுக்கு ஒரு மாற்றுச் சாவி செய்து கண்ணாடிப் பெட்டியில் போட்டு பாட்டி போர்ஷன் வெளிச்சுவரில் மாட்டுவது என்று ஒத்துக்கொண்டார்கள். பெட்டி மாட்டியாகிவிட்டது. சாவி இன்னும் வரவில்லை. அது வரும் வரைக்கும் ஐந்துக்கு மூன்றுதான் கொடுப்பேன், வந்தால் நாலு.

இன்னொன்று, அக்ரிமென்ட் எழுதும்போது மறக்காமல் மகாமகத்தைப் பற்றி ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். போன மகாமகம் 2016-ல், அடுத்தது 2028 மாசியில். அந்தப் பத்து நாளைக்கு இந்தத் தெருக்களில் ஒரு அறை என்ன விலை போகும் என்று ஓனர்கள் இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள், "ஒரு வாரம் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போய்ட்டு வாங்களேன்" என்று குடித்தனக்காரர்களிடம் கேட்பார்கள். நாங்கள் அந்த வரியைச் சேர்த்துவிட்டோம். ஓனர் முகம் சுளித்தார், ஆனால் கையெழுத்துப் போட்டார்.

இப்போது மாடி முன்பக்கம் காலியாகப் போகிறது, பட்டுக்கடைக்காரர் தாராசுரத்தில் வீடு பார்த்துவிட்டார். அந்தப் போர்ஷனுக்குத் தெருவைப் பார்த்து இரண்டு ஜன்னல், காற்று நன்றாக வரும், தேர் பார்க்க வெளியே போகவே வேண்டாம். படி ஏற முடிகிறவர்கள் பார்க்கலாம். ஓனர் 8,500 கேட்கிறார். 7,000-க்கு மேல் ஒரு பைசா பேசாதீர்கள், நீங்கள் ஏற்றிக் கொடுத்தால் அடுத்த மாதமே எங்களுக்கும் ஏறும்.